அம்மாவுக்குத் தந்த 'ஆய்வு' படிவம்: கையெழுத்து வைக்கலாமா?

கடலோர_ரயில் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.40

அம்மாவுக்கு 64 வயது. சீனி வருத்தம் 15 வருஷமாக இருக்கிறது, பிறஷர் பிறகு வந்து சேர்ந்தது. கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறார் (பெயர் வேண்டாமே). போன வியாழன் வழமைபோல விடிய 5 மணிக்கு நம்பர் எடுக்கப் போனவர், பின்னேரம் மருந்துப் பையோடு ஒரு படிவமும் கொண்டுவந்தார். தமிழில் 7 பக்கம். "என்னை வச்சுப் பரிசோதிக்கப் போறாங்களாம், வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வைக்கட்டாம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் வாசித்தேன். சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாவதை ஒரு குளிசை தள்ளிப்போடுமா என்று பார்க்கிறார்களாம். இப்போது குடிக்கும் மருந்துகள் அப்படியே தொடரும், அதற்கு மேல் ஒரு குளிசை. இதுவரை சரி. அதற்குப் பிறகு வந்த மூன்று வசனங்களில்தான் வீடு இரண்டாகிப் போனது.

"நீங்கள் எழுமாற்றாக ஒரு குழுவில் இடப்படுவீர்கள்."
"ஒரு குழுவினருக்குப் போலி மருந்து வழங்கப்படும்."
"இது ஓர் இரட்டைக் குருட்டுப் பரிசோதனையாகும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கண்ணுக்கும் ஏதும் செய்வாங்களோ?" சீனி கூடினால் கண் போகும் என்று அதே கிளினிக்கில் வருஷக்கணக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் வேறென்ன நினைப்பார்?

கனடாவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் "எலி ஆக்கப் பாக்கிறாங்கள், வைக்க விடாதே" என்கிறார். பக்கத்து ஃபிளாட் மாமியோ, "டொக்டர் கேட்டா வைக்கத்தானே வேணும், இல்லாட்டி அடுத்த மாசம் மருந்து தரமாட்டினம்" என்கிறார். எனக்கு இரண்டுமே பிழையாகப் படுகிறது. ஏன் பிழை என்று சொல்லத்தான் தெரியவில்லை. இந்த வேலைக்குள் இருந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

மட்டக்குளியான், ஞாயிறு இரவு 10.05

வேண்டாம் தம்பி. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணுகிறவர்களிடம் யாராவது இந்தப் படிவத்தை நீட்டினார்களா? விடிய நாலு மணிக்கு எழும்பி வரிசையில் நிற்கிற சனத்திடம்தான் கேட்பார்கள். 2022இல் என் அப்பாவுக்குக் கிளினிக்கில் மருந்து இல்லையென்று துண்டு எழுதித் தந்து அரச மருந்துக்கடையான ஒசுசலவுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் இல்லை. அப்போது இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுச் சோதித்து ஏழு பிள்ளைகள் செத்த கதை வட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. இங்கே மட்டும் குறைவா? 2023இல் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம், 2024இல் முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதானார். நம்பச் சொன்னால் எப்படி நம்புவது?

வடை_சுடச்சுட, ஞாயிறு இரவு 10.11

போலி மருந்து தருவோம் என்று அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டுமாம்?

இஞ்சிப்பிளேன்டீ, திங்கள் காலை 6.50

மூன்று வருஷம் இப்படி ஓர் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். கிளினிக் வாங்கில் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஏழு பக்கத்தையும் வாசித்துக் காட்டுவதுதான் என் வேலை. வேலைக்குப் போக முன்னம் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் மன்னியுங்கள்.

முதலில் அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடுங்கள், பாவம். 'இரட்டைக் குருட்டு' என்றால் அம்மாவுக்கும் தெரியாது, மருந்து கொடுக்கும் டொக்டருக்கும் தெரியாது, எந்தக் குளிசையில் மருந்து இருக்கிறது என்று. தெரிந்தால் அம்மா "எனக்குச் சுகமாத்தான் இருக்கு" என்பார், டொக்டரும் அதை அப்படியே எழுதுவார். அந்த ஆசை கணக்கைக் கெடுத்துவிடும்.

'எழுமாற்று' நாம் ஓ.எல். கணிதத்தில் படித்த அதே சொல்தான், காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. ஆளைத் தெரிவுசெய்யும் வேலையை டொக்டரிடம் விட்டால் கொஞ்சம் தெம்பாக இருப்பவருக்குப் புதிய மருந்தும், நொந்துபோனவருக்கு மற்றதும் போகலாம். பிறகு மருந்து வேலை செய்ததா, ஆள் தெம்பாக இருந்தாரா என்று பிரிக்கவே முடியாது.

'போலி மருந்து'தான் மகா கெட்ட சொல். ஆங்கிலத்தில் பிளசீபோ. பார்வைக்கு அதே குளிசை, உள்ளே மருந்துச் சத்து இருக்காது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, முன்கூட்டியே சொல்லித்தான் தருகிறார்கள். ஆனால் தமிழில் போலி மருந்து என்றால் புறக்கோட்டையில் பிடிபடுகிற கள்ள மருந்துதான் ஞாபகம் வரும். வடை சொன்னது பகிடி என்றாலும் வாங்கில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள்.

கடைசியாகப் 'பரிசோதனை'. இரத்தம் எடுத்தாலும் பரிசோதனை, எலியை வைத்துச் செய்தாலும் பரிசோதனை, மனிதரில் மருந்தை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பரிசோதனை. ஒருவர் "ஓ, பிளட் டெஸ்ட்தானே" என்று தலையாட்டுவார், அடுத்தவர் எழும்பி ஓடுவார். நான் இருந்த இடத்தில் ஆங்கிலப் படிவத்தைப் பல மாதம் திருத்தினார்கள், பிறகு சிங்களம் வந்தது. தமிழ் கடைசிக் கிழமையில், யாரோ அகராதியை வைத்துக்கொண்டு செய்தது. வாசித்துக் காட்டும்போது அந்தச் சொற்களை நானே வாய்க்குள் மாற்றிக்கொள்வேன். உண்மையில் அப்படிச் செய்யக் கூடாது, அனுமதி கிடைத்த படிவத்தில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்து 'இல்லை' என்றவர்களால் எனக்குத் தூக்கம் கெடவில்லை. மரியாதைக்கு 'ஓம்' என்றவர்களால்தான் கெட்டது. ஒரு நாள் ஓர் ஐயா, எழுபது தாண்டியவர், கறுப்புக் குடை. இரண்டாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் பேனையை வாங்கி "எங்க மகள் வைக்கிறது?" என்றார். முழுதும் கேளுங்கோ ஐயா என்றேன். கேட்டார், தலையாட்டினார், வைத்தார். எதற்குக் கையெழுத்து வைத்தீர்கள் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "மருந்து எடுக்கத்தான்" என்றார். ஃபார்மசி வரிசைக்கு நான் துண்டு கொடுப்பதாக நினைத்திருக்கிறார்! அவரை ஆய்வில் சேர்க்காமல் விட்டேன். எண்ணிக்கை குறைகிறதே என்று மேலிடத்தில் முகம் சுளித்தார்கள், அது வேறு கதை.

கடலோர_ரயில், உங்கள் அம்மா பயப்படுவதே எனக்குப் பெரிய ஆறுதல். வாசித்திருக்கிறார்.

மட்டக்குளியான், திங்கள் காலை 8.20

சொல் விளக்கத்துக்கு நன்றி தங்கச்சி. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வருத்தக்காரருக்கு வேண்டுமென்றே ஒன்றுமில்லாத குளிசையைக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

தெமட்டகொடை_வாப்பா, திங்கள் பகல் 1.15

லுஹர் முடித்து வந்து வாசிக்கிறேன். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் 31 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பியின் கேள்வி நல்ல கேள்வி.

நியாயம் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹெல்சிங்கி பிரகடனம், 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றது, பலமுறை திருத்தி கடைசியாக 2024இல் புதுப்பித்தார்கள். அதன்படி நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டு வெறும் குளிசையைக் கொடுத்து ஆளை ஆபத்தில் தள்ள முடியாது. அந்த அம்மாவுக்கு வழமையான மருந்து தொடர்கிறது என்கிறாரே மகன், முக்கியமான விஷயமே அதுதான். இந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பினத்தவர்களைச் சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இடையில் அந்த நோயைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும். தம்பியின் சந்தேகம் வரலாறு தெரிந்த சந்தேகம், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுக் கதையையே சொல்கிறேன். பாம்புக்கடிக்கு விஷமுறி மருந்து ஏற்றும்போது அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்து, பிறஷர் விழுந்துவிடும். அதைத் தடுக்கப் பல இடங்களில் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் முன்கூட்டியே போட்டு வந்தார்கள். போட்டால் நல்லது என்று நம்பிக்கை. இலங்கையில் 1007 பாம்புக்கடி நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2011இல் முடிவு வெளியானது. அட்ரினலின் சிறு அளவில் முன்கூட்டியே போட்டால் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. மற்ற இரண்டும் குறிப்பிடும்படி ஒன்றும் செய்யவில்லை. அதில் வெறும் ஊசி பெற்றவர்களும் இருந்தார்கள், விஷமுறி மருந்து எல்லோருக்கும் கிடைத்தது. அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கும் நாம் பயனில்லாத இரண்டு ஊசிகளை நம்பிக்கொண்டிருப்போம். வயலில் கடிபட்ட ஏழை விவசாயிகள்தான் அதில் அநேகம் பேர். பயன்பட்டதும் அவர்களைப் போன்றவர்களுக்கே.

இஞ்சிப்பிளேன்டீ, திங்கள் பகல் 1.40

நன்றி வாப்பா. மட்டக்குளியான் அண்ணா, அந்த இந்தியக் கதை பற்றியும் சொல்கிறேன். 2009இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. ஏழு பிள்ளைகள் இறந்தது உண்மை, 2010இல் நிறுத்தினார்கள். இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் பெற்றோர் வைக்க வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் வைத்திருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. வட்ஸ்அப்பில் வருவது செத்த கணக்கு மட்டும், கையெழுத்துக் கதை வருவதில்லை. எனக்கோ கையெழுத்துக் கதைதான் பயங்கரம். (அதே தடுப்பூசி 2017 முதல் இங்கே ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது.)

இம்யூனோகுளோபுலின், மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் கொள்வனவில் வந்த வினை, ஆய்வில் வந்ததல்ல. ஆனால் சனத்துக்குக் கட்டிடம் ஒன்றுதான், வாசலும் ஒன்றுதான். அதைப் பிரித்துப் பார் என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லயம்_தாண்டி, திங்கள் இரவு 8.30

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், ஊர் ஹட்டன் பக்கம். இங்கே எல்லோரும் ஏழு பக்கத்தை வாசிப்பது பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் அப்பாயி தோட்டத்து டிஸ்பென்சரியில் நீட்டிய எதிலும் கைநாட்டு வைத்தவர். என்னவென்று கேட்பதே மரியாதைக்குறைவு என்று நினைத்த தலைமுறை. கேட்டால் மறுநாள் வேலைக்குப் பெயர் விழுமா என்ற பயமும் உண்டு. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு?

இஞ்சிப்பிளேன்டீ, திங்கள் இரவு 8.52

ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். முழுதும் வாசித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டுச் சாட்சியும் கையெழுத்து வைப்பார், பிறகுதான் கைநாட்டு. விதி அப்படி. நடைமுறையில் பக்கத்து வாங்கில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு "அண்ணே, இதில ஒரு கையெழுத்து" என்று கேட்டதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாயி கதை எனக்கு நன்றாக விளங்குகிறது.

மூலிகை_முத்து, திங்கள் இரவு 9.10

[நெறியாளரால் நீக்கப்பட்டது: சீனி வருத்தத்தை 21 நாளில் மாற்றும் கஷாய விளம்பரம், தொலைபேசி இலக்கம்.]

வடை_சுடச்சுட, திங்கள் இரவு 9.14

பாருங்கள், இவரிடம் யாரும் எழுமாற்று, சாட்சி ஒன்றும் கேட்க மாட்டார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைச் சுகமாக்கும் என்ற நாட்டுமருந்துப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. என் சித்தப்பாவும் கொழும்பிலிருந்து போய் ஒரு போத்தலோடு வந்தார். அடுத்த வருஷம் தடுப்பூசிக்குக் கூப்பிட்டபோது "எங்களில சோதிச்சுப் பாக்கிறாங்கள்" என்று வீட்டுக்குள் படுத்துக்கொண்டவரும் அவரேதான்.

மட்டக்குளியான், திங்கள் இரவு 9.30

சித்தப்பாவுக்குப் பாணி கொடுத்தவர் அவரோடு முகம் பார்த்துக் கதைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் மூன்று நிமிஷம். அதையும் எழுதுங்கள்.

கணக்கு_வாத்தி, செவ்வாய் மாலை 5.20

ரியூஷன் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல இழை. ஏழைகளை வைத்துச் சோதிப்பது பற்றி ஒரு தகவல். நம் நாட்டின் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பிறஷர் நோயாளிகளோடு ஓர் ஆய்வு நடந்தது, பெயர் ட்ரையம்ப், 2018இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு வழமையான சிகிச்சை, வெறும் குளிசை இல்லை. ஆறு மாதத்தில் ஒரு குளிசைக்காரர்களில் 70 வீதத்தினருக்குப் பிறஷர் இலக்குக்குள் வந்தது, மற்றவர்களில் 55 வீதம். உலகம் மேற்கோள் காட்டுகிற முடிவு. அந்த 700 பேர் நம் அம்மா அப்பாவைப் போல நம்பர் எடுத்து உட்கார்ந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த முடிவைத் திரும்பிப் போய் யாராவது சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மட்டக்குளியானின் கோபத்தில் எனக்குப் பாதிப் பங்கு அந்த இடத்தில் உண்டு.

கடலோர_ரயிலுக்கு ஒரு வேலை. படிவத்தின் முதல் பக்கத்தில் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், வருஷமும் ஓர் எண்ணுமாக இருக்கும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்தும் பதிவேடு அது, இணையத்தில் யாரும் தேடலாம், ஆங்கிலத்தில்தான். ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கமும் இருக்க வேண்டும். புதிய மருந்தென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும், 2015ஆம் ஆண்டுச் சட்டம். இவை இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம், அது எவ்வளவு நல்ல தமிழில் இருந்தாலும்.

கடலோர_ரயில், வியாழன் இரவு 8.05

அடுத்த மாதக் கிளினிக்குக்குப் போய் வந்தோம். நானும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

இலக்கங்கள் எல்லாம் இருந்தன. பதிவேட்டிலும் தேடிப் பார்த்தேன், இருந்தது. ஆய்வுக்குப் பொறுப்பான இளம் டொக்டர் ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார், சிங்களத்தவர், தமிழ் பரவாயில்லாமல் கதைப்பார். காசு யார் தருகிறார்கள் என்று கேட்டேன். ஆறாம் பக்கத்தைக் காட்டினார், வெளிநாட்டு மருந்துக் கம்பனி ஒன்று, சின்ன எழுத்தில். ஏதும் பக்கவிளைவு வந்தால்? ஐந்தாம் பக்கம், சிகிச்சையும் நட்டஈடும் காப்புறுதியில். இடையில் விட்டால்? எப்போதும் விடலாம், கிளினிக் கொப்பியில் ஒரு கோடும் விழாது என்றார்.

அம்மா தன் பாட்டில் ஒரு கேள்வி கேட்டார், அது எனக்குத் தோன்றவே இல்லை. "எனக்குத் தந்தது ஒண்டுமில்லாத குளிசையெண்டா, அது எனக்கு எப்ப தெரிய வரும்?" டொக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஆய்வு முழுதும் முடிந்த பிறகுதான், அவசரம் ஏதும் வந்தால் மட்டும் உடனே பிரித்துப் பார்க்கலாம் என்றார். முடிந்த பிறகு வீட்டுக்குக் கடிதம் போடுவீர்களா என்று அம்மா விடவில்லை. "போட வேணும் அம்மா" என்றார். போடுவோம் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

பிறகு நான் 'போலி மருந்து' கதையைச் சொன்னேன், உங்கள் எல்லோரையும் மேற்கோள் காட்டி. அவர் சிரித்தார், தமிழ்ப் பிரதியைத் தான் வாசித்ததே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். அம்மா இடையில் புகுந்து, "வெறுங்குளிசை எண்டு எழுதலாமே" என்றார். டொக்டர் பென்சிலால் ஓரத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டார், 'ங்'குக்குப் புள்ளி வைக்க மறந்துபோனார். நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தமாக அனுப்பிப் பார்க்கிறேன், மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

எல்லாம் முடிந்து பேனையும் எடுத்த பிறகு நாலாம் பக்கத்தைத் திரும்ப விளக்கினார். வழமையான நாட்களுக்கு மேலே ஒன்பது தடவை வர வேண்டும், அதில் நாலு தடவை 24 மணித்தியாலச் சிறுநீரை ஒரு போத்தலில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். போத்தலை எடுத்துக் காட்டினார். அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனையை மூடி மேசையில் வைத்தார். "டொக்டர், குறை நினைக்காதேங்கோ. இதைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில ஏறமாட்டன்."

அவர் குறை நினைக்கவில்லை. வழமையான மருந்தை அம்மாவுக்கு வழமைபோலவே தந்தார்கள். ஃபார்மசி வரிசையும் வழமைபோல இரண்டு மணித்தியாலம்.

இஞ்சிப்பிளேன்டீ, வியாழன் இரவு 8.30

அவர்களின் கணக்கில் அம்மா 'பங்கேற்க விரும்பாதவர்' என்று ஒரு எண்ணாகப் போயிருப்பார். போத்தல் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நாங்களும் எழுதவில்லை.

தெமட்டகொடை_வாப்பா, வியாழன் இரவு 8.41

வெறுங்குளிசை. மாஷா அல்லாஹ், 31 வருஷத்தில் எனக்குத் தோன்றாத சொல். அம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

மட்டக்குளியான், வியாழன் இரவு 9.02

போத்தல் எத்தனை லீற்றர்?

கடலோர_ரயில், வியாழன் இரவு 9.04

மூன்று. கைபிடியும் இல்லை.